ஏ2 என்று வந்த கடிதம்

புகுஷிமாவில் 2011 அக்டோபரில் ஒரு பரிசோதனை தொடங்கியது. பள்ளிக்கூடங்களிலும் ஊர்ச் சமுதாயக் கூடங்களிலும் குழந்தைகளை ஒவ்வொருவராகப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கழுத்தில் ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை மேலும் கீழுமாக ஓட்டினார்கள். சில நிமிட வேலை. வலி கிடையாது, ஊசி கிடையாது. முடிவு பிறகு தபாலில் வரும். 'ஏ1' என்றால் தைராய்டு சுரப்பியில் எதுவும் தென்படவில்லை. 'ஏ2' என்றால் 5 மில்லிமீட்டர் வரையிலான சிறு கட்டியோ, 20 மில்லிமீட்டர் வரையிலான நீர்க்கட்டியோ இருக்கிறது. அடுத்த சுற்றில் பார்த்தால் போதும். 'பி' என்றால் அதைவிடப் பெரியது, மேல்பரிசோதனைக்கு வர வேண்டும். 'சி' என்றால் உடனே வர வேண்டும்.

2011 மார்ச்சில் அங்கே அணு உலை விபத்து நடந்தபோது 18 வயதும் அதற்குக் கீழும் இருந்த சுமார் 3,68,000 பேருக்கு அழைப்பு போனது. முதல் சுற்றில் சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேருக்கு ஏ2 என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தைப் பிரித்த தாயின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம். பிள்ளையின் கழுத்தில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து வரச் சொல்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் எழுத வேண்டும்? ஏதாவது இருக்கிறது என்றால் ஏன் காத்திருக்க வேண்டும்? விபத்து நடந்த வாரத்தில் பிள்ளையை வெளியே விளையாட விட்டோமே, குடிக்கக் குழாய்த் தண்ணீர் கொடுத்தோமே, ஊரைவிட்டுக் கிளம்ப ஒரு நாள் தாமதித்தோமே என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். புகுஷிமாவின் தாய்மார்கள் பலரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது இந்தக் குற்றவுணர்வுதான்.

அவர்களுடைய பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. எல்லோர் மனத்திலும் இருந்த பெயர் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அன்று அங்கே வெடித்த உலையிலிருந்து காற்றில் கலந்தவற்றுள் அயோடின்-131 ஒன்று. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைத் தயாரிக்க அயோடினை ரத்தத்திலிருந்து இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வருவது சாதாரண அயோடினா கதிரியக்கம் உள்ளதா என்று அதனால் பிரித்தறிய முடியாது. புல்லில் படிந்த அயோடினைப் பசு மேய்ந்தது, அது பாலில் இறங்கியது, பாலைக் குழந்தை குடித்தது. வளர்ந்தவர்களின் தைராய்டு 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு அது சுமார் 2 கிராம்தான். ஒரே அளவு அயோடின் உள்ளே போனாலும் குழந்தையின் சுரப்பியில் ஒவ்வொரு கிராம் திசுவும் வாங்கும் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். அந்த வயதில் செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பதால் சேதமும் நிலைத்துவிடுகிறது.

செர்னோபிலுக்கு அருகிலுள்ள பெலாரஸில் 1986 முதல் 1989 வரை குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேருக்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1991-இல் அந்த எண்ணிக்கை 55. கசகோவ், டெமிட்சிக், அஸ்டகோவா என்ற மூன்று பெலாரஸ் மருத்துவர்கள் 1992 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் இதை எழுதியபோது, கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் இவ்வளவு சீக்கிரம் தலைகாட்டாது என்று பலர் சந்தேகித்தார்கள். மருத்துவர்கள் சொன்னதுதான் சரி என்பதைக் காலம் காட்டியது. விபத்தின்போது குழந்தைகளாகவும் பதின்வயதினராகவும் இருந்தவர்களில் 2005 வரை 6,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் வந்ததாக ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு பதிவு செய்தது. அதுவரை இந்த நோயால் இறந்தவர்கள் 15 பேர். இந்தக் கடைசி எண்ணைப் பெற்றோர் நினைவில் வைத்திருப்பது நல்லது. பின்னால் அதற்கு வருகிறேன்.

புகுஷிமாவில் நடந்தது வேறு. மார்ச் மாதத்திலேயே பாலும் கீரைகளும் சந்தைக்குப் போகாமல் தடுக்கப்பட்டன. டோக்கியோவின் ஒரு சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின்-131 தென்பட்டதும், கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100 என்பதால், குழந்தை உள்ள வீடுகளுக்கு அரசே பாட்டில் தண்ணீர் கொடுத்தது. ஜப்பானியர் அன்றாடம் சாப்பிடும் கடற்பாசியில் அயோடின் மிகுதி. ஏற்கெனவே நிறைந்திருக்கும் சுரப்பி புதிதாக வருவதைக் குறைவாகவே ஏற்கும். பெலாரஸின் கிராமங்களில் நிலைமை நேர்மாறு, அங்கே மண்ணிலேயே அயோடின் பற்றாக்குறை. இத்தனையும் சேர்ந்து புகுஷிமாக் குழந்தைகளின் தைராய்டுக்குப் போன கதிர்வீச்சைப் பல மடங்கு குறைத்துவிட்டன.

ஆனால் ஒரு குறை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும்; மூன்று மாதத்துக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அளப்பதானால் உடனே அளந்திருக்க வேண்டும். நிலநடுக்கமும் சுனாமியும் சிதைத்துப் போட்ட அந்த மார்ச் இறுதியில் இவாக்கி, கவாமத்தா, இதாத்தே ஆகிய மூன்று ஊர்களில் 1,080 குழந்தைகளின் கழுத்தில்தான் கருவி வைத்து அளந்தார்கள். எல்லோருக்கும் அளவு வரம்புக்குள்ளேயே இருந்தது. மற்றவர்களுக்கு எவ்வளவு போயிருக்கும் என்பதைக் காற்று, மழை, உணவு, இடப்பெயர்வு ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். தன் பிள்ளைக்கென்று ஓர் எண் கையில் இல்லாத தாயிடம் சராசரியைச் சொன்னால் மனம் எப்படி ஆறும்?

அப்படியானால் இந்த ஏ2 எதைக் காட்டுகிறது? ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் எளிய வழி ஒன்றைப் பிடித்தது. விபத்தின் நிழலே படாத மூன்று மாகாணங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: வடக்கில் அவோமோரி, நடுவில் யமனாஷி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தென்மேற்கில் நாகசாகி. 3 முதல் 18 வயது வரையிலான 4,365 பேரை அதே வகைக் கருவியால், அதே அளவுகோலால் பார்த்தார்கள். 2013-இல் வந்த முடிவு: அங்கே ஏ2 நூற்றுக்கு 56.5 பேர். பி ஒரு சதவீதம். புகுஷிமாவில் அது 0.8 தான். சிறு நீர்க்கட்டிகள் மிகச் சின்னக் குழந்தைகளிடம் குறைவு, பள்ளி வயதில் கூடுகின்றன. மூன்று மாகாணங்களில் 3 வயதுக்குக் கீழானவர்களைச் சேர்க்காததும் அவர்களின் விகிதம் கூடியதற்கு ஒரு காரணம்.

சுரப்பிக்குள் ஹார்மோனைத் தேக்கி வைக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் லட்சக்கணக்கில் உண்டு. அவற்றுள் பசை போன்ற கூழ் நிரம்பியிருக்கும். சில இடங்களில் பைகள் விரிந்து ஒன்றாகச் சேரும்போது திரையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுகிறது. கறுப்புக்குள் பல நேரம் வெள்ளையாக ஒரு பொட்டு மின்னும், அதன் கீழே மங்கிக்கொண்டே போகும் வால் ஒன்று. உறைந்த கூழின் துகளில் ஒலி மீண்டும் மீண்டும் மோதித் திரும்புவதால் வருவது அது. அந்த வால் தெரிந்தால் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் நிம்மதி அடைவார், ஏனென்றால் தீங்கற்ற நீர்க்கட்டியின் அடையாளம் அது. இந்த வருடம் இருப்பது அடுத்த வருடம் காணாமல் போகும், வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று வரும். ஆரோக்கியமான பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது இருக்கும் என்பது 2011 வரை மருத்துவ உலகத்துக்கே சரியாகத் தெரியாது. லட்சக்கணக்கான நலமான குழந்தைகளின் கழுத்தை இவ்வளவு கூர்மையான கருவியால் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கருவியின் பார்வை முந்திக்கொண்டது, அதற்கு அர்த்தம் சொல்லும் அறிவு பின்தங்கிவிட்டது. அந்த இடைவெளியில் விழுந்து தவித்தவர்கள் பெற்றோர்.

குழந்தையின் தைராய்டில் தென்படும் இன்னொன்று இருக்கிறது. கருவில் தைராய்டு முதலில் தோன்றுவது கழுத்தில் அல்ல, நாக்கின் அடிப்பகுதியில். நான்காவது வாரத்தில் அங்கே அரும்பி, மெல்லக் கீழே இறங்கி, ஏழாவது வாரத்தில் மூச்சுக்குழாய்க்கு முன்னால் வந்து உட்காருகிறது. அது புறப்பட்ட இடம் நம் எல்லோருடைய நாக்கின் பின்புறத்திலும் ஒரு சிறு குழியாக இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் பக்கத்திலிருந்து தைமஸ் என்ற சுரப்பியும் கிளம்புகிறது. நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் தைமஸ். அதன் பயணம் மார்புக்கூடு வரை. போகிற வழியில் சில துணுக்குகளை அது விட்டுவிட்டுப் போவதுண்டு. அப்படி விட்டுப்போன துணுக்கு சில குழந்தைகளில் தைராய்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஸ்கேனில் தைமஸ் திசு எப்படித் தெரியும் தெரியுமா? கருமையான பரப்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். குழந்தைகளுக்கு வரும் தைராய்டு புற்றுநோயில் மிகப் பெரும்பாலானது பாப்பிலரி வகை. அதிலும் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். அனுபவம் குறைந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விஷயம் தெரிந்தவர் கருவியைக் கழுத்திலிருந்து மார்பெலும்பின் மேல்விளிம்புக்கு நகர்த்தி, அங்கே இருக்கும் உண்மையான தைமஸைத் திரையில் கொண்டுவருவார். இரண்டு இடத்திலும் ஒரே நெசவு தெரிந்தால் கத்திக்கும் ஊசிக்கும் வேலை இல்லை. பதின்வயதில் தைமஸ் சுருங்கும்போது இந்தத் துணுக்கும் சுருங்கிவிடும்.

தைமஸ் மருத்துவர்களை ஏமாற்றியது இது முதல் தடவையும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் திடீரென்று இறந்துபோன கைக்குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தவர்கள், அவர்களின் தைமஸ் மிகப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். மூச்சுக்குழாயை அதுதான் அழுத்திக் கொன்றது என்று நம்பினார்கள். 1889-இல் வியன்னாவின் பால்டாஃப் அந்த உடல்வாகுக்கு ஒரு நோய்ப்பெயரும் வைத்தார். 1907-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃபிரீட்லாண்டர் என்ற மருத்துவர் எக்ஸ் கதிர் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கிக் காட்டினார். பிறகு பல பத்தாண்டுகள், ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகளுக்கு, பலருக்கு வரும்முன் காப்பதாக நினைத்து, கழுத்திலும் மார்பிலும் எக்ஸ் கதிர் கொடுத்தார்கள்.

உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ்தான் இயல்பான அளவில் இருந்தது. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த 'சாதாரண' தைமஸ் எல்லாம் நெடுநாள் நோயிலும் பட்டினியிலும் வாடி இறந்த ஏழைக் குழந்தைகளின் உடலிலிருந்து வந்தவை. நீண்ட நோய் தைமஸைச் சுருக்கிவிடும் என்பது கணக்கில் வரவில்லை. அப்படி ஒரு நோயே இல்லை என்று 1931-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு சொன்ன பிறகும் பழக்கம் உடனே நிற்கவில்லை. 1950-இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் நியூயார்க்கில் தைராய்டு புற்றுநோய் வந்த 28 குழந்தைகளின் பழைய மருத்துவ வரலாற்றைப் புரட்டினார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸுக்கு எக்ஸ் கதிர் கொடுக்கப்பட்டிருந்தது. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம் இருக்கும் நோயைக் கொடுத்துவிட்டது. குழந்தையின் தைராய்டுக்குக் கதிர்வீச்சு எவ்வளவு ஆபத்து என்ற அறிவின் தொடக்கமே இங்கேதான். நலமான குழந்தையின் உடல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நோயைத் தேடப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியாது.

புகுஷிமாவுக்குத் திரும்புவோம். முதல் சுற்றில் பி, சி என்று வந்த சுமார் 2,300 பேரில் 116 பேருக்குப் புற்றுநோய் உறுதியானது அல்லது சந்தேகிக்கப்பட்டது. அடுத்தடுத்த சுற்றுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டது. இதற்கு என்ன காரணம் என்பதில் சண்டை ஓயவில்லை. தேடியதால் கிடைத்தவை இவை என்கிறது ஐ.நா. குழுவின் அறிக்கை. செர்னோபிலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்தான் மிக அதிகம் பாதிக்கப்பட்டார்கள். புகுஷிமாவின் முதல் சுற்றில் அந்த வயதினர் ஒருவருக்கும் நோய் காணப்படவில்லை, பெரும்பாலோர் பதின்வயதினர். மரபணுவிலும் வேறுபாடு உண்டு. செர்னோபில் கட்டிகளில் மரபணு முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொண்ட தடயம் நிறைய. புகுஷிமா கட்டிகளில் பாதிக்கு மேல், கதிர்வீச்சே படாத பெரியவர்களிடம் சாதாரணமாகத் தெரியும் 'பிராஃப்' என்ற மரபணுவின் ஓரெழுத்து மாற்றம். இந்தச் சான்றுகள் எனக்கு வலுவாகவே படுகின்றன. ஆனால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளைஞர்கள் ஆறு பேர் 2022 ஜனவரியில் டோக்கியோ நீதிமன்றத்தில் அந்த அணு உலையை நடத்திய மின்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கழுத்தில் தழும்போடு வாழ்பவரிடம் புள்ளிவிவரம் மட்டும் பதிலாகாது.

தேடினால் கிடைக்கும் என்பது தைராய்டு விஷயத்தில் பல முறை நிரூபணமானது. 1985-இல் பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தபோது, 36 பேரிடம் வாழ்நாள் முழுவதும் தொல்லை தராத மிகச் சிறு புற்று இருந்தது. தென்கொரியாவில் நலமான பெரியவர்களுக்கு உடல் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் பழக்கமானதில், 2011-இல் தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கானது. இறப்பு மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய நிபுணர் குழு 2018-இல், அணு விபத்து நடந்தாலும் ஊரில் உள்ள எல்லோருக்கும் தைராய்டு ஸ்கேன் வேண்டாம், அதிகக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு மட்டும் விளக்கிச் சொல்லி வாய்ப்பளியுங்கள் என்று பரிந்துரைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளையின் கழுத்தில் கையில் தட்டுப்படும் கட்டியை யாரும் அலட்சியம் செய்துவிடக் கூடாது. அது முற்றிலும் வேறு விஷயம். திரையில் மட்டும் தெரியும் உளுந்தளவு நீர்க்கட்டியும், விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியான முடிச்சும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட கட்டி குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களின் கட்டியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து என்றால், குழந்தைகளின் கட்டியில் 22 முதல் 26 வரை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி சொல்கிறது. அதாவது நான்கில் மூன்று தீங்கற்றவை, ஒன்றைத் தீர விசாரிக்க வேண்டும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டினாலோ, குரல் கம்மினாலோ தள்ளிப்போடக் கூடாது. ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்காகச் சிறுவயதில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் கழுத்தை ஆண்டுதோறும் தொட்டுப் பார்ப்பார்கள். குடும்பத்தில் மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் யாருக்காவது வந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தால் அது பரம்பரையாக வரக்கூடும்; ரத்தப் பரிசோதனையில் மாற்றம் உறுதியானால், நோய் தொடங்கும் முன்பே, சில குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே, சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள்.

மற்றவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இந்த வரிசைதான். முதலில் டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, பிறகு கழுத்து ஸ்கேன், சந்தேகம் இருந்தால் ஊசிப் பரிசோதனை. அந்த ஊசி ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே கட்டிக்குள் செலுத்திச் சில துளிச் செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று பயந்து பெற்றோர் பலர் மறுக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இந்த ஊசிதான் தேவையற்ற அறுவைகளைத் தடுக்கிறது.

அறுவை தேவைப்பட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள்? குரலுக்குப் போகும் நரம்பும், ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகளும் தைராய்டை ஒட்டியே இருக்கின்றன. குழந்தையிடம் அவை மேலும் சிறியவை. ஆண்டுக்கு 30-க்கும் மேல் இத்தகைய அறுவை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு. முழுச் சுரப்பியும் போய்விட்டால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை, ஆயுள் முழுவதும். வளர்ச்சி, படிப்பு, பூப்பு, பிற்காலத்தில் கர்ப்பம் எதற்கும் அது தடையாக இருக்காது, அளவைச் சரியாகப் பார்த்துக்கொண்டால்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன், 6,000 பேரில் 15. குழந்தைகளின் பாப்பிலரி புற்றுநோய் ஒரு விசித்திரமான நோய். கண்டுபிடிக்கும்போதே கழுத்து நெறிகளுக்குப் பரவியிருப்பது சகஜம், நுரையீரல்வரை போயிருப்பதும் உண்டு. பெரியவர் ஒருவருக்கு இப்படி என்றால் வீட்டில் இருப்பவர்கள் இடிந்துபோவார்கள். குழந்தைகளோ பிழைத்துவிடுகிறார்கள், நீண்ட காலம் வாழ்பவர்கள் நூற்றுக்கு 98-க்கும் மேல். அவர்களின் புற்றுச் செல்கள் பெரும்பாலும் அயோடினை இழுக்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கின்றன. அதனால் செர்னோபிலில் தீங்கு செய்த அதே அயோடின்-131, அளந்து கொடுக்கப்படும்போது, நுரையீரலில் ஒளிந்திருக்கும் செல்லைத் தேடிச் சென்று அழிக்கிறது. ஆனால் முப்பது ஆண்டு கழித்தும் இது திரும்பி வரக்கூடும். பிள்ளைக்கு 10 வயதில் எழுதிய அறுவை அறிக்கை அவருடைய 40 வயதில் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவருக்குத் தேவைப்படலாம். ஸ்கேன் படம், ஊசிப் பரிசோதனை முடிவு, அறுவை விவரம், கொடுத்த அயோடினின் அளவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, பிள்ளை வளர்ந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.